ஸ்கைடைவிங் 'ஏ' லைசென்ஸ்: கேள்வித்தாளை வீட்டில் கொடுங்கள்

"வீட்ல எப்படி ஒத்துக்கிட்டாங்க?" ஸ்கைடைவிங் என்றதும் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி இது. ஒத்துக்கொள்ள வைத்தது என் பேச்சு இல்லை, பாடத்திட்டம்தான்.

கலிபோர்னியாவின் பெரிஸில் ஏஎஃப்எஃப் (Accelerated Freefall) என்ற பயிற்சி முறையில் கற்றேன். முதலில் நாள் முழுக்க வகுப்பு. அப்புறம் சுமார் 13,000 அடியில், இரு பக்கமும் இன்ஸ்ட்ரக்டர்கள் பிடித்திருக்க, குதித்து நம் பாராசூட்டை நாமே திறக்க வேண்டும். மணிக்கு 190 கி.மீ. வேகத்தில் பேச்சு கேட்காது, எல்லாம் கைஜாடைதான். இரண்டு விரல் நீட்டினால் காலை நீட்டு. ஒரு விரல் நீட்டினால் பாராசூட்டை இழு. ராட்டினத்தில் அடிவயிறு கலங்குமே, அது இதில் இல்லை. விமானத்தின் வேகம் நம்மிடமும் இருப்பதால் கதவைத் தாண்டியதுமே காற்று தாங்கிக்கொள்கிறது. எனக்கு இது பிடித்துப்போனதே அந்தக் கணத்தில்தான்.

இன்ஸ்ட்ரக்டரின் மேற்பார்வை இல்லாமல் குதிக்க விடும் முதல் உரிமம்தான் 'ஏ' லைசென்ஸ். அதற்குக் குறைந்தது 25 குதிப்புகள் வேண்டும். எழுத்துத் தேர்வும் வாய்மொழித் தேர்வும் உண்டு. எழுத்துத் தேர்வு ஒரு பொருட்டே இல்லை. கையேட்டை ஒழுங்காகப் படித்தால் போதும். வாய்மொழிக்குத்தான் தனித் தயாரிப்பு வேண்டும். அங்கே யோசித்துச் சொல்லும் பதில் செல்லாது, வாயும் கையும் சேர்ந்தே வர வேண்டும்.

அதற்குத்தான் கேள்விகளை மனைவியிடம் கொடுத்தேன். நான் தோசை வார்த்துக்கொண்டிருப்பேன், அவள் திடீரென்று கேட்பாள்: "பாராசூட் விரிஞ்சிடுச்சு, கயிறு முறுக்கிக்கிச்சு. என்ன பண்ணுவீங்க?" கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் செய்து காட்ட வேண்டும். முதலில் உயரம் பார். மேலே இருக்கும் பட்டைகளை விரித்துப் பிடித்து, முறுக்கு அவிழும் பக்கம் காலை உதை. 2,500 அடிக்கு இறங்குவதற்குள் சரியாகவில்லையா, இனி யோசனையே கிடையாது: பழைய பாராசூட்டைக் கழற்றிவிட வலப்பக்கச் சிவப்புக் கைப்பிடி, பிறகு ரிசர்வ் எனும் மாற்றுப் பாராசூட்டைத் திறக்க இடப்பக்கக் கைப்பிடி.

சில வாரங்களில் தாளில் இல்லாததையும் கேட்க ஆரம்பித்தாள். "நீங்க மயங்கிட்டா?" அதற்கென்று ஏஏடி என்ற கருவி இருக்கிறது; கீழே சுமார் 750 அடியில் இன்னும் வேகமாக விழுந்துகொண்டிருந்தால் அதுவே ரிசர்வைத் திறந்துவிடும். "அந்த ரிசர்வை யார் மடிக்கிறாங்க?" ரிக்கர் எனப்படும், உரிமம் பெற்ற பாராசூட் தொழில்நுட்பர், 180 நாளுக்கு ஒருமுறை. "ஒண்ணும் ஆகாது, பயப்படாதே" என்று நான் அதுவரை சொன்னது எதுவும் அவளிடம் எடுபடவில்லை. இந்தப் பதில்கள் எடுபட்டன. கவனியுங்கள், பயம் போய்விடவில்லை. எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பிரித்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போக நினைப்பவர்களுக்கு: நேராக டேண்டமுக்கு, அதாவது இன்ஸ்ட்ரக்டரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு குதிப்பதற்கு, இழுக்காதீர்கள். காற்று குறைவான காலையில் தரையிறங்குவதைப் பார்க்க விடுங்கள். அடுத்து விண்ட் டன்னல், கீழிருந்து வீசும் காற்றில் மிதக்கும் கூண்டு. பெரிஸில் மைதானத்தின் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. சின்னப் பிள்ளைகளும் பறக்கலாம், மாணவர்களுக்கும் உடம்பை வளைத்து நிலையாக நிற்கப் பழக அதைவிட நல்ல இடம் இல்லை. என் மகள் என்னைவிடச் சீக்கிரம் அங்கே அசையாமல் மிதந்தாள். இடுப்பைத் தளர்த்தச் சொன்னால் குழந்தைகள் உடனே தளர்த்திவிடுகிறார்கள், நமக்குத்தான் வராது.

மனைவி டேண்டம் போனது பல மாதம் கழித்து, அவளாகக் கேட்டுத்தான். பெல்ட் மாட்ட வந்த இன்ஸ்ட்ரக்டரிடம், "ரிசர்வ் கடைசியாக எப்போது மடித்தது?" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே பாராசூட் பையிலிருந்து அட்டையை எடுத்துத் தேதியைக் காட்டினார். வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் விமானத்தில் ஏறினாள். மகளுக்கு 18 ஆக இன்னும் நாள் இருக்கிறது, அதுவரை டன்னல்தான்.