விஎம்ஸ்டாட்டின் முதல் வரி

இயங்குதளப் பாடத்தின் செய்முறைப் பரீட்சையில் முதல் தடவை நான் ஃபெயில். கட்டளை தெரியாமல் இல்லை, ஒரு கொப்பி நிறையப் பாடமாக்கி வைத்திருந்தேன். “இந்தக் கணினியில் சிபியு இப்போது எவ்வளவு வேலை செய்கிறது?” என்று கேட்டிருந்தார்கள். லினக்ஸில் சிபியு, நினைவகம் பற்றிய எண்களைக் காட்டும் விஎம்ஸ்டாட் (vmstat) கட்டளையை அடித்து, வந்த ஒற்றை வரியைப் பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த முதல் வரி, கணினி பூட் ஆன நேரத்திலிருந்து எடுத்த சராசரி. ‘இப்போது’ வேண்டுமென்றால் ‘விஎம்ஸ்டாட் 1 5’ (வினாடிக்கொன்றாக ஐந்து வரி) என்று கொடுத்து இரண்டாவது வரியிலிருந்து பார்க்க வேண்டும்.

ரிப்பீட்டுக்கு, அதாவது மறுபரீட்சைக்கு, திருகோணமலை உப்புவெளி வீட்டு விறாந்தையில் இருந்துதான் படித்தேன். அண்ணா விட்டுப்போன 4 ஜிபி லாப்டொப், அதில் உபுண்டு லினக்ஸ். இந்த முறை கொப்பியை மூடிவைத்தேன். கர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையத்தை, ஏதாவது செய்யவைத்து, அதற்கு முன்னும் பின்னும் எண்களைப் பார்ப்பது என்று முடிவு.

/புரொக் என்ற அடைவில் எல்எஸ் (பட்டியலிடும் கட்டளை) போட்டால் பெரும்பாலான கோப்புகளின் அளவு 0 என்று காட்டும். ஆனால் கேட் (உள்ளடக்கத்தைக் காட்டும் கட்டளை) கொடுத்தால் பக்கம் பக்கமாக வரும். அவை டிஸ்க்கில் கிடக்கிற கோப்புகள் அல்ல. நாம் கேட்கும் நேரத்தில் கர்னல் எழுதித் தருகிறது, அப்பக் கடையில் சொன்ன பிறகு சுடுகிற மாதிரி. கர்னல் அமைப்புகளுக்கான சிஸ்கொன்ட்ரோல் (sysctl) கட்டளை காட்டுவதும் இதே மரத்தின் ஒரு கிளைதான். ‘விஎம்.ஸ்வாப்பினஸ்’ என்பதில் புள்ளியைச் சாய்கோடாக்கினால் /புரொக்/சிஸ்/விஎம்/ஸ்வாப்பினஸ்.

நான் அதிகம் மினக்கெட்டது /புரொக்கில் நினைவகக் கணக்கு இருக்கும் மெம்இன்ஃபோவில். மச்சாளின் கலியாண வீடியோ ஒன்று, ஒன்றரை ஜிபி. மெம்ஃப்ரீயை (முற்றிலும் சும்மா கிடக்கும் நினைவகம்) குறித்துக்கொண்டு, வீடியோவை கேட் மூலம் வாசித்து, எதைப் போட்டாலும் மறைந்துபோகும் /டெவ்/நல்லுக்குள் கொட்டினேன். மெம்ஃப்ரீ கிட்டத்தட்ட அதே அளவு விழுந்தது, கேச்ட் (வாசித்த கோப்புகளின் பிரதிகள் பிடித்திருக்கும் நினைவகம்) அதே அளவு ஏறியது. மெம்அவைலபிள் (கேட்டால் தரக்கூடிய நினைவகம்) மட்டும் பெரிதாக அசையவில்லை. வாசித்ததைக் கர்னல் சும்மா கிடந்த நினைவகத்தில் வைத்திருக்கிறது, யாராவது இடம் கேட்டால் விட்டுக்கொடுக்கும். ‘மெம்ஃப்ரீ குறைவு, ஆகவே ராம் போதாது’ என்று எழுதுகிறவர்கள் தவறுகிற இடம் இதுதான். மெம்அவைலபிள் 2014இல், கர்னல் 3.14இல் வந்தது. கைமாறி வரும் பழைய நோட்ஸில் அது இராது.

திரும்பச் செய்து பார்க்க கேச்சைக் காலி செய்ய வேண்டும். ‘சூடோ எக்கோ 3 > /புரொக்/சிஸ்/விஎம்/ட்ரொப்_கேச்சஸ்’ என்று அடித்தால் அனுமதி இல்லை என்று வரும். சூடோ தரும் ரூட் (நிர்வாகி) அதிகாரம் எக்கோவுக்குத்தான் கிடைக்கிறது; கோப்பைத் திறப்பது கட்டளைகளை வாசிக்கும் உங்கள் ஷெல், அதற்கு அந்த அதிகாரம் இல்லை. ‘எக்கோ 3 | சூடோ டீ’ என்று எழுதி அதே கோப்பின் பெயரைக் கொடுங்கள்; அப்போது கோப்பைத் திறப்பது ரூட் அதிகாரத்தோடு ஓடும் டீ. இதில் ஒரு பின்னேரம் முழுக்கப் போனது எனக்கு.

எங்கள் பரீட்சையில் இணையம் இல்லை, கணினியிலேயே இருக்கும் விளக்கக் குறிப்புகளான மான் பக்கங்கள் உண்டு. திருகோணமலைக்காரருக்கு மான் என்றால் டவுனுக்குள் திரிகிற மான்தான் ஞாபகம் வரும். பரவாயில்லை, ‘மான் 5 புரொக்’ என்பதையும் ஞாபகம் வையுங்கள். எண்கள் என்னவென்று அதில், அல்லது புதிய பதிப்புகளில் அது காட்டும் தனிப்பக்கங்களில் இருக்கிறது.

ரிப்பீட்டில் இரண்டு பிராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) எண்களைத் தந்து, எது சிபியுவை விடாமல் பிடித்திருக்கிறது என்று கேட்டார்கள். அதை நேரே காட்டும் டொப் கட்டளையைப் பாவிக்கக்கூடாது. வீட்டில், முடிவில்லாமல் ஒரே எழுத்தை அச்சிடும் ‘யெஸ்’ கட்டளையை ஓடவிட்டுப் பழகியிருந்தேன். /புரொக்கில் அந்தந்த எண்ணின் ஸ்டேட்டஸ் கோப்பை எடுத்தால், கடைசியை ஒட்டி இரண்டு வரி: பிராசஸ் தானாகச் சிபியுவை விட்டுக்கொடுத்த மாறல்கள், கர்னல் அதைப் பறித்தெடுத்த மாறல்கள். ஒரு பிராசஸில் முதல் எண் பெரிது. மற்றதில் இரண்டாவது. எழுதப் போனவன் நிறுத்தினேன். இவையும் பிராசஸ் தொடங்கியதிலிருந்து கூட்டிக்கொண்டு வந்த எண்கள்தானே. பத்து வினாடி விட்டு இரண்டையும் மறுபடி எடுத்தேன். முதல் பிராசஸ் நெடுநேரம் சும்மா காத்திருந்துவிட்டுச் சற்று முன்புதான் வேலையைத் தொடங்கியிருந்தது. பறித்தெடுத்த எண் ஏறிக்கொண்டிருந்தது அதில்தான். மற்றதில் ஒரு எண்ணும் மாறவில்லை. பின்னால் நின்ற சேர் ஒன்றும் சொல்லாமல் அடுத்த மேசைக்குப் போனார்.