மூன்றில் இரண்டு பங்கு

இன்று மாலை நூலக வாசலில் ஒரு மூதாட்டி தம் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்து, அஞ்சல் குறியீட்டு எண்ணை ஒவ்வோர் இலக்கமாக நிறுத்தி, இருமுறை சொன்னார்.

அவர் அத்தொகுதிவாசி என்பதற்கு அந்த எண்தான் அடையாளம்.

அமெரிக்க அதிபர் அறிவித்த நெருக்கடி நிலையை அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் முடித்துவைக்க வேண்டும் என்பதே அவர் கோரிக்கை.

1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரு அவைகளும் தாமே தீர்மானம் இயற்றி அதை முடித்திருக்கலாம். ஆனால், அதிபரிடம் அனுப்பப்படாத அத்தகைய தீர்மானங்கள் செல்லாது என 1983-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததால், இன்று அதிபர் மறுத்தால் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் வேண்டும்.

2019-இல் மெக்சிகோ எல்லைச் சுவருக்காக அதிபர் அறிவித்த நெருக்கடி நிலையை எதிர்த்து இரு அவைகளும் வாக்களித்தும் அந்த எண்ணிக்கை எட்டப்படவில்லை.

இவ்வளவு அதிகாரம் ஒருவரிடம் சேர்ந்திருப்பது எனக்கு உண்மையிலேயே கவலையளிக்கிறது. நாளைக் காலை என் தொகுதி உறுப்பினரை நானும் அழைக்கவிருக்கிறேன்.