புளியந்தீவில் ஒரு செங்கல் வீடு

மட்டக்களப்பில் பழைய கட்டடம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது 1628இல் போர்த்துக்கேயர் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டைதான். அந்தக் கோட்டை நிற்கும் அதே புளியந்தீவில் பிரித்தானியர் காலத்தில் எழுந்த செங்கல் வீடுகளை எவரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. கட்டடத் திருத்த வேலைகளை மேற்பார்வை செய்யும் தொழிலில் இருக்கும் எனக்குக் கோட்டையைவிட இந்த வீடுகளைப் பற்றிய கவலையே அதிகம். தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டவற்றைத்தான் தொன்மையானவையாகக் கொள்கிறது. அதற்குப் பிந்திய கட்டடம் ஒன்றுக்கு அந்தக் காவல் கிடைக்க வேண்டுமாயின் அதனைத் தனியே வர்த்தமானியில் அறிவிக்க வேண்டும். ஆகவே ஒரு குடும்பத்தின் வீடு நிற்பதும் விழுவதும் அந்தக் குடும்பத்தின் மனத்தையும் கையிருப்பையும் பொறுத்ததாகவே இருக்கிறது.

வாவிக்கரைக்கு அண்மையிலுள்ள அத்தகைய வீடொன்றை அளந்து வரைபடம் கீறி, திருத்த வேலையை நடத்தும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. வீட்டின் உரிமைப் பத்திரங்களான உறுதிகளை வாசித்தபோது, தாயிடமிருந்து மகளுக்கும் அவளிடமிருந்து அவளுடைய மகளுக்குமாக, எங்கள் பகுதியின் வழமைப்படி வீடு சீதனமாகவே கைமாறி வந்திருப்பது தெரிந்தது. ஒவ்வொரு கலியாணத்துக்கும் வீட்டைத் திருத்தியிருக்கிறார்கள். உறுதியிலுள்ள ஆண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தால், எந்தப் பூச்சு எந்தக் கலியாணத்துக்குப் பூசப்பட்டது என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம். கூரையின் கதை வேறு. 1978 நவம்பர் 23இல் அடித்த சூறாவளி நாட்டோடுகளை வாரிக்கொண்டு போக, அந்த இடத்துக்கு அஸ்பெஸ்ரஸ் சீற் வந்தது.

சுவர்கள் ஒன்றரைக் கல் கனமானவை. ஒரு வரியில் கற்கள் நீளவாட்டிலும் அடுத்த வரியில் குறுக்குவாட்டிலும் வைத்துச் சுண்ணாம்புச் சாந்தால் கட்டியிருந்தார்கள். விறாந்தைத் தூணருகே உதிர்ந்து கிடந்த சாந்துத் துண்டொன்றை உள்ளங்கையில் வைத்து நசுக்கியபோது, சூளையில் முழுதாக வேகாத சிப்பித் துணுக்குகள் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன. இந்த வாவியும் கடலும் கொடுத்த சுண்ணாம்பு அது. அந்தத் துண்டை நான் பத்திரப்படுத்தினேன். புதிய சாந்தின் மணலையும் நிறத்தையும் அதற்கு ஒத்ததாகத் தெரிவு செய்வதற்கு வேறு வழிகாட்டி கிடையாது.

சேதம் முழுவதும் தரையிலிருந்து இடுப்பளவு உயரத்துக்குள் இருந்தது. அத்திவாரத்தில் ஈரம் தடுக்கும் படை எதுவும் இல்லாத காலத்து வீடு, நிலத்தடியிலோ உவர்நீர். அந்த நீர் செங்கல்லின் நுண்துளைகள் வழியே ஏறுவது எக்காலத்திலும் நடந்ததுதான். சுண்ணாம்புப் பூச்சு இருந்தவரை ஈரம் அதனூடாக வெளியேறிக் காற்றில் கலந்தது; உப்பு பூச்சிலே தங்கியது; பூச்சு உதிர்ந்தால் மறுபடி பூசினார்கள், கல் தப்பியது. சீமெந்துப் பூச்சு வந்த பிறகு ஈரம் உள்ளேயே அடைபட்டு மேலும் உயர ஏறியது. உப்பு கல்லுக்குள்ளேயே மணிமணியாக உறைந்து விரிய, கல்லின் முகம் மாவாக உதிரத் தொடங்கியது. வெளியே பூச்சு கல்லுப்போல் நிற்க, தட்டினால் உள்ளே பொள்ளென்று ஒலிக்கும். “நல்லா உறுதியா இருக்கட்டும் எண்டுதான் தம்பி சீமெந்து பூசினம்” என்று வீட்டுக்கார அக்கா மனம் நொந்து சொன்னார். அவர்மீது குறை சொல்ல எதுவுமில்லை. பழைய வீடுகள் பெரும்பாலும் அக்கறையின்மையால் அழிவதில்லை. தவறான பொருளால் செய்த அக்கறையே அவற்றை அரிக்கிறது என்பதை இந்தத் தொழிலில் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன்.

சுண்ணாம்பு வேலை தெரிந்த வயதான மேசன் ஒருவரைத் தேடிப் பிடித்தோம். “சுவருக்கும் வேர்க்கும் மனே, அத அடைச்சுப்போடப்படாது” என்றார் அவர். சீமெந்தைச் சிற்றுளியால் மெல்ல மெல்ல எடுத்தார். கல்லோடு பிடித்துக்கொண்டு வராத இடங்களைத் தொடாமல் விட்டார், ஏனெனில் இழுத்தால் கல்லின் முகமும் கூடவே வந்துவிடும். வெளியே பூத்த உப்பை நீரால் கழுவ விடவில்லை. கழுவினால் அது கரைந்து மறுபடி சுவருக்குள் போகும் என்பதால் காய்ந்த தும்புத் தூரிகையால் கூட்டி அள்ளினோம். சுண்ணாம்பு சுடுவதற்குக் கரையோரத்தில் முருகைக்கல் (பவளப்பாறை) எடுப்பது சட்டப்படி தடுக்கப்பட்டிருப்பதால் மூட்டைச் சுண்ணாம்பை வாங்கி, வாரக்கணக்கில் நீரில் ஊறவைத்துப் பயன்படுத்தினோம்.

எங்களைச் சோதித்தது தென்மேற்கிலிருந்து வறண்டு வீசும் கச்சான் காற்றுத்தான். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உள்வாங்கியே இறுகும். அதற்கு ஓரளவு ஈரமும் வேண்டும். கச்சானோ பூசிய அன்றே ஈரத்தை உறிஞ்சி, பூச்சை மயிரிழையாய் வெடிக்க வைத்துவிடும். அதனால் மெல்லிய படைகளாகப் பூசி, நனைத்த சாக்குகளைச் சுவரோரம் தொங்கவிட்டு, காலையும் மாலையும் நீர் தெளித்தோம். கூலிச் செலவு ஏறியது உண்மை. வீட்டுக்காரருக்கு அதனை மறைக்காமல் முதலிலேயே சொல்லியிருந்தேன்.

அக்காவின் மகளுக்குக் கலியாணம் பேசி முடிந்திருந்ததால், பளபளப்பான பெயின்ற் வேண்டுமென்று வீட்டில் ஒரு பேச்சு எழுந்தது. எமல்ஷன் பூசினால் சீமெந்து செய்ததை அதுவும் ஓரளவு செய்யும் என்று விளக்கினேன். முன்மண்டபத்துக்கும் விறாந்தைக்கும் சுண்ணாம்பே அடிப்பதென்று மணமகளாகப் போகிறவரே முடிவெடுத்தார். கையிருப்புப் போதாததால் குசினிப் பக்கச் சுவர்களில் சீமெந்து இன்னும் இருக்கிறது. வரும் மாரி கழிந்து சுவர் காய்ந்த பிறகு, கச்சான் எழும்புவதற்கு முன் அதனை உடைக்கத் தொடங்குவதாகப் பேசியிருக்கிறோம். மேசன் தன்னோடு இரண்டு பொடியன்களைச் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார். அவர்களுக்கான கூலியையும் மதிப்பீட்டில் சேர்த்துவிட்டேன்.