உண்ணிச்செடியை எங்கே வெட்டுவது?

முதுமலை, சத்தியமங்கலம் பக்கத்து இலையுதிர் காடுகளில் உண்ணிச்செடி (லாண்டானா என்ற அயல்நாட்டுக் களை) ஆள் உயரத்துக்கு மேல் மண்டிக் கிடக்கும் இடங்கள் ஏராளம். அடியில் வெயில் படாததால் புல் முளைக்காது. மானுக்கும் காட்டெருமைக்கும் மேய எதுவும் மிஞ்சாது. அந்தப் புதரை இடுப்பளவில் வெட்டிப்போடுவது கூலிக்கு நஷ்டம்தான். வெட்டிய தண்டிலிருந்து அடுத்த மழைக்கே ஐந்தாறு துளிர் கிளம்பும். தீ வைத்தாலும் அடியிலிருந்து தழைக்கும். ஜேசிபி விட்டால் மண் புரண்டு, உள்ளே கிடக்கும் விதையெல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

துளிர்க்கும் மொட்டுகள் தண்டும் வேரும் சேரும் கழுத்தில் இருக்கின்றன. அதனால் மண்ணுக்குள் 3 முதல் 5 செ.மீ. கீழே ஆணிவேரை வெட்ட வேண்டும். டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர்.பாபுவின் குழு உத்தராகண்டின் கார்பெட் காட்டில் செய்துகாட்டிய முறை இது. கோடை மழை பெய்து மண் இளகியிருக்கும்போது வேலை சுலபம். வெட்டிய புதரை வேர் மேலே பார்க்கத் தலைகீழாகக் கவிழ்த்துக் காயவிடுங்கள். ஈரமண்ணில் கிளை பட்டுக் கிடந்தால் அங்கேயே வேர்விடும். புதருக்குள் யானையோ கரடியோ படுத்திருக்கலாம். ஓசை கொடுத்து, காத்திருந்து பார்த்த பிறகே உள்ளே போக வேண்டும். வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டில் கத்தியே எடுக்கக் கூடாது.

இதற்கெல்லாம் முன்னால் கணக்கெடுப்பு. 10×10 மீட்டர் கட்டங்கள் போட்டு, ஒவ்வொன்றிலும் உண்ணிப் புதர் எத்தனை, நெல்லி, வேங்கை, வெக்காலி மரக்கன்றுகள் எத்தனை என்று எண்ணுங்கள். நான்கு மூலையிலும் நடுவிலும் 1×1 மீட்டர் சட்டம் வைத்துப் புல் எத்தனை சதவீதம் மூடியிருக்கிறது என்று குறியுங்கள். கன்றும் புல்லும் ஓரளவு மிஞ்சியுள்ள இடத்தில் தொடங்கி, அடர்ந்த புதரை நோக்கி நகர்வதே நல்லது. விதை தரும் புல்லும் மரமும் பக்கத்திலேயே இருந்தால் காடு தானாகத் தேறும்.

உண்ணியை வெட்டி வெறுமையான இடத்தில் முதலில் வருவது பார்த்தீனியக் களை. பூக்கும் முன் பிடுங்குங்கள். அங்கே விதைப்பதற்கு ஊசிப்புல் விதையை மழைக்காலம் முடிந்ததும் சேகரித்து, நிழலில் உலர்த்தி, ஜூன் வரை வையுங்கள். பறித்த கையோடு விதைத்தால் பெரும்பாலும் உறக்கத்திலேயே கிடக்கும். ஈரம் பட்டால் விதையின் வால் முறுக்கு அவிழ்ந்து சுழன்று விதையை மண்ணுக்குள் திருகி இறக்கும். இறுகிய தரையில் அது நடக்காது, மேல்மண்ணை லேசாகக் கீறிவிட வேண்டும்.

அடுத்த மூன்று ஆண்டுகள் களையெடுப்பு நிற்கக் கூடாது. கொண்டைக்குருவிகள் உட்காரும் மரங்களின் அடியையும் ஓடைக்கரையையும் முதலில் பாருங்கள்; பழம் தின்ற பறவை எச்சத்தில் உண்ணிக் கன்று அங்கேதான் கூட்டமாக முளைக்கும். மறுகணக்கெடுப்பை அதே கட்டங்களில், அதே மாதத்தில் செய்யுங்கள். மார்ச் மாதப் புல்லை அக்டோபர் மாதப் புல்லோடு ஒப்பிட்டால் தெரிவது மழையின் வித்தியாசம் மட்டுமே.