பொடிப்பல் ரம்பம்: ராவலும் செட்டும்

அங்குலத்துக்கு 14 பல்லைத் தாண்டிய கைரம்பங்களை மழுங்கிய பல்லைவிட அதிக செட்தான், அதாவது பற்களை மாறி மாறி இருபக்கமும் வளைத்து வைக்கும் சாய்வுதான், கெடுக்கிறது. முனை லேசாக மழுங்கியிருந்தாலும் கோட்டிலேயே அறுக்கும். செட் கூடினால் வெட்டு அகலமாகி, தகடு உள்ளே ஆடும்.

முதலில் பல் உயரத்தைச் சமன் செய்ய வேண்டும். தட்டை அரத்தைப் பல்வரிசை மேல் நீளவாக்கில் ஒன்றிரண்டு முறை இழுத்தால் போதும். ஒவ்வொரு முனையிலும் ஒரு மினுக்கு தெரியும். இனி அந்த மினுக்கைப் பார்த்துத்தான் வேலை. பெரிய மினுக்கு இருக்கும் பக்கம் கொஞ்சம் அழுத்தி ராவ வேண்டும். மறைந்த அடுத்த கணமே நிறுத்த வேண்டும். அதன்பின் ஒரு தள்ளு தள்ளினாலும் பல் குட்டையாகிவிடும். விளக்கு எதிரே தாழ்வாக இருக்கட்டும். உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

முக்கோண அரத்தில் மிக மெல்லிய 4 அங்குல வகைதான் வேண்டும். பெரிய அரத்தின் மூலை உருண்டிருக்கும். பல்லிடுக்கின் அடி ஆழமாக விழாது. தகட்டை வைஸில் பல்லடிக்குக் கீழே 3 மி.மீ. மட்டும் வெளியே தெரியும்படி பிடியுங்கள். கூடுதலாக நீட்டினால் தகடு அதிர்ந்து அரம் கீச்சிடும், பல்லும் அரமும் சேர்ந்து கெடும். அரத்தை முன்னே தள்ளும்போது மட்டும் அழுத்தம், திரும்பும்போது தூக்கிவிடுங்கள். நார்ப்போக்கில் அறுக்கும் பல்லுக்கு அரம் தகட்டுக்கு நேர் 90 பாகையில் போகும். குறுக்கே அறுக்கும் பல்லுக்கு 15 முதல் 20 பாகை சாய்த்து, ஒன்று விட்டு ஒரு பல்லாக ராவி, பிறகு ரம்பத்தைத் திருப்பி மீதியை முடிக்க வேண்டும்.

பல்லுக்கு உருக்கொடுத்த பிறகு, கடைசி ராவலுக்கு முன் செட் வைப்பது நல்லது. பல்லின் மேல்பாதி மட்டும் வளையட்டும், ஏற்கெனவே சாய்ந்த பக்கமே சாயட்டும். எதிர்ப்பக்கம் திருப்பினால் ஒடியும். பல்லை வளைக்கும் செட் பிளையரின் குத்தி, அதாவது பல்லைத் தள்ளும் முனை, பொதுவாக இதற்கு அகலம். பக்கத்துப் பல்லையும் சேர்த்து அழுத்தும். குத்தியையே ராவி ஒடுக்கிக்கொள்ளலாம்.

0.5 மி.மீ. தகட்டுக்கு, காய்ந்த மரமென்றால், பக்கத்துக்கு 0.05 மி.மீ. செட் தாராளம். கூடிப்போனால் பல்வரிசை மேல் சாதாரணத் தாளை மடித்து, வழுவழுப்பான வைஸ் தாடைகளில் இறுக்குங்கள். கூடுதல் செட் அடங்கும்.

சோதனை வெட்டு வலப்பக்கம் ஓடினால் வலப்பக்க செட் கூடுதல். அந்தப் பக்கம் எண்ணெய்க்கல்லைப் படுக்கவைத்து ஒரே ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, மறுபடி வெட்டிப் பாருங்கள்.