மாமா கொண்டுவந்த பொட்டலம்

அம்மாவுக்கு சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய்க் கீமோ மருந்து ஏற்றி மூன்றாம் நாள். எதிர்வீட்டில் கடுகு தாளித்தாலே ஓடிப்போய் வாஷ்பேசினைப் பிடித்துக்கொள்வார். வாந்தி நிற்க ஆண்டான்செட்ரான் மாத்திரை கொடுத்திருந்தார்கள். மருந்து ஏற்றிய அன்று அது கேட்டது. அடுத்தடுத்த நாள் குமட்டலுக்கு அவ்வளவாகக் கேட்கவில்லை.

சாயங்காலம் உசிலம்பட்டியிலிருந்து மாமா வந்தார். மஞ்சப்பையில் கொய்யாப்பழம், அதற்கடியில் பேப்பரில் மடித்த பொட்டலம். "மாப்ள, இதக் கொஞ்சம் வரக்காப்பியில போட்டுக் கொதிக்கவிட்டுக் குடு. அக்கா கம்முன்னு தூங்கும்." பிரிக்கும் முன்பே வாசனை சொல்லிவிட்டது.

மாமா சொன்னது முழுப் பொய்யும் இல்லை. கஞ்சாவில் இருக்கும் டிஎச்சி குமட்டலைக் குறைக்கும். அதையே செயற்கையாகச் செய்து, ட்ரோனாபினால் என்ற பெயரில், கீமோ வாந்திக்கு அமெரிக்காவில் 1985-ல் அனுமதித்தார்கள். நம் நாட்டில் கஞ்சாவைத் தடுக்கும் போதைப்பொருள் சட்டம் வந்ததும் அதே 1985-ல்தான்! கட்டியே கரைந்துவிடும் என்றும் மாமா சொன்னார். அதை நான் காதில் வாங்கவில்லை.

வரக்காப்பிதான் இடித்தது. டிஎச்சி தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். வடக்கே பாங் எனும் கஞ்சா இலை விழுதைப் பாலில் கலப்பது சும்மா இல்லை. வயிற்றுக்குள் போய் வேலை காட்ட ஒரு மணி, இரண்டு மணி நேரம்கூட ஆகும். ஒன்றும் கேட்கவில்லையே என்று இன்னொரு டம்ளர் கொடுத்தால் போச்சு. பொட்டலத்தில் எத்தனை மில்லிகிராம் என்று யாருக்குத் தெரியும்? பொட்டலத்தில் பூஞ்சை இருந்தால், கீமோவில் வெள்ளையணு குறைந்த உடம்பு தாங்குமா என்ற பயம் வேறு. இதைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார் மனுஷன்!

மறுநாள் டாக்டரிடம் பொட்டலத்தைப் பற்றியும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். "மூணு நாளா வாந்தின்னா ஏன் போன் பண்ணல?" என்றுதான் கேட்டார். ராத்திரிக்கு ஓலன்சாபின் எழுதினார். கோரிப்பாளையம் மெடிக்கலில் பையன் சீட்டைப் பார்த்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தான். மனநல மாத்திரை அது. குமட்டலுக்கும் கேட்கும், தூக்கமும் வரும், பசியும் எடுக்கும்.

இரண்டாம் நாள் காலையில் அம்மா ஒன்றரை இட்லி சாப்பிட்டார், சீனி தொட்டு. பொட்டலத்தைக் கக்கூஸில் கொட்டி இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினேன்.

அடுத்த வாரம் மாமா வந்தபோது அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். ஊரில் இன்னும் இரண்டு வீட்டுக்குச் சொல்லியிருக்கிறாராம். மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது தூக்க மாத்திரைடா" என்றார்.