மில்லிங் மெஷினை ஓட்ட ஒரு பிசி: பாகம் தேடிய கதை

போன மாதம் பழைய பிசி போய்விட்டது. திறந்து பார்த்தால் மதர்போர்டில் மூன்று கெப்பாசிட்டர்கள் தலை வீங்கி நிற்கின்றன, ஒன்றின் அடியில் பழுப்பாக ஏதோ கசிந்து காய்ந்திருக்கிறது. 2008இல் வாங்கிய கோர் 2 டுவோ அது. அதன் பின்னால் இருந்த 25 பின் பேரலல் போர்ட் வழியாகத்தான் இத்தனை நாள் என் மெஷினின் மூன்று மோட்டார்களும் ஓடின, அதனால் அதன் மேல் எனக்குக் குறை எதுவும் கிடையாது.

மெஷின் நானே கட்டியது, பிசி சொல்கிறபடி சுழலும் கட்டரை நகர்த்தித் தகட்டை வெட்டும். கோவை கணபதியில் தகரக் கூரை போட்ட ஒரு சின்ன வாடகைப் பட்டறை. 600க்கு 400 மில்லிமீட்டர் ஓட்டம், நெமா 23 ஸ்டெப்பர் மோட்டார்கள் (ஒரு மின்துடிப்புக்கு ஒரு சின்ன ஸ்டெப் மட்டும் திரும்புபவை), அந்தத் திருப்பத்தை நேர் நகர்வாக மாற்றும் 1605 பால் ஸ்குரூ, கட்டரைச் சுழற்றும், தண்ணீரில் குளிரும் 2.2 கிலோவாட் ஸ்பிண்டில். பகலில் எனக்கு வேறு வேலை. சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும்தான் இங்கே வந்து அலுமினியத் தகடு, பேக்லைட், எப்போதாவது பித்தளை என்று வெட்டிக்கொண்டிருப்பேன்.

ஓட்டுவது லினக்ஸ்சிஎன்சி. 1990களில் அமெரிக்க அரசின் நிஸ்ட் ஆய்வுக்கூடத்தில் ஈஎம்சி என்ற பெயரில் தொடங்கிய மென்பொருள், அரசு வேலை என்பதால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியே விட்டார்கள், அதற்கப்புறம் உலகம் முழுக்க உள்ள தன்னார்வலர்கள் கையில் வளர்ந்தது. காசு கொடுக்காமல் இப்படி ஒன்று என் பட்டறை வரை வந்து சேர்ந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு நிறையும்.

சரி, புதுப் பிசி. வீட்டில் தம்பியின் கேமிங் பிசி சும்மா கிடந்தது. ஆறு கோர், 16 ஜிபி ரேம், தனி கிராஃபிக்ஸ் கார்டு. பழையதைவிடப் பல மடங்கு வேகம், இதையே போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். லினக்ஸ்சிஎன்சியின் லைவ் பென் டிரைவில் பூட் செய்து லேட்டன்சி டெஸ்ட் ஓட்டினேன். முதல் இரண்டு நிமிஷம் 9 மைக்ரோசெகண்ட், 11 மைக்ரோசெகண்ட் என்று அழகாக வந்தது. ஒரு வீடியோவைத் திறந்தேன், 140. ஜன்னலைப் பிடித்து இழுத்தேன், 310. அப்புறம் நான் எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்தபோதே ஒரு தடவை 420க்கு எகிறியது. அந்தப் பிசி இதற்கு ஆகாது.

இந்த எண் எதைச் சொல்கிறது என்று புரியாமல் பாகம் வாங்கினால் காசு வீணாகும், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். மெஷினை ஓட்டும் பிசிக்குக் குறித்த நேரத்தில் திரும்பத் திரும்பச் செய்தே ஆக வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ஆயிரம் மைக்ரோசெகண்டுக்கு ஒருமுறை, அதாவது வினாடிக்கு ஆயிரம் முறை, மோட்டார் எங்கே இருக்கிறது, அடுத்து எங்கே போக வேண்டும் என்று கணக்குப் போட வேண்டும். இதைச் சர்வோ திரெட் என்கிறார்கள். அந்த வேலைக்கு உட்காருவதில் பிசி எவ்வளவு தாமதமாகிறது என்பதைத்தான் அந்த டெஸ்ட் அளக்கிறது. பார்க்க வேண்டியது சராசரியை அல்ல, அதிகபட்சத்தை. ஒரு மணி நேரம் ஒழுங்காக இருந்துவிட்டு ஒரே ஒரு தடவை தடுமாறினாலும் அந்த நேரத்தில் கட்டர் தகட்டுக்குள் இருக்கும்.

பேரலல் போர்ட் வழியாகப் பிசியே ஸ்டெப் துடிப்பை உண்டாக்குவதாக இருந்தால் இன்னும் சிக்கல், அதற்குப் பேஸ் திரெட் என்று வேறொன்று, 25 முதல் 50 மைக்ரோசெகண்டுக்கு ஒருமுறை எழுந்திருக்க வேண்டும். என் கணக்கையே சொல்கிறேன். மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப், மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவரில் 8 மைக்ரோஸ்டெப் வைத்திருக்கிறேன், அதாவது ஒரு ஸ்டெப் எட்டாகப் பிரியும், ஆக 1600. பால் ஸ்குரூ ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகர்த்தும், ஆக மில்லிமீட்டருக்கு 320 ஸ்டெப். நிமிஷத்துக்கு 3000 மில்லிமீட்டர் ஓட வேண்டும் என்றால் வினாடிக்கு 50 மில்லிமீட்டர், 16,000 ஸ்டெப். இரண்டு ஸ்டெப்புக்கு நடுவில் 62.5 மைக்ரோசெகண்ட் இடைவெளி வேண்டும். பழைய பிசியில் என் பேஸ் திரெட் 30 மைக்ரோசெகண்ட். முப்பதின் மடங்கில்தான் அது துடிப்பு கொடுக்க முடியும், 60 அல்லது 90. அதனால் 60, 60 என்று பதினோரு தடவை போய்ப் பன்னிரண்டாவது தடவை 90க்குத் தாவும். மோட்டாருக்கு இது அந்த ஒரு நொடிப்பில் வேகத்தைச் சட்டென்று குறைத்து மறுபடி ஏற்றுகிற மாதிரி. முறுக்குவிசை போய்விடும், பாரம் இருந்தால் ஸ்டெப்பைத் தவறவிடும்.

இந்தக் கணக்கை நான் உட்கார்ந்து போடுவதற்கு ரொம்ப நாள் முன்னாலேயே பக்கத்துப் பட்டறை லேத்துக்கார அண்ணன் இதைக் காதால் கண்டுபிடித்திருந்தார். ஒருநாள் டீ கிளாஸோடு வந்து நின்றவர், எக்ஸ் மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். "தம்பி, உம்பட மோட்டார் இருமுது, கவனிச்சயா?" என்றார். "டிரைவர் சூடாகுதோ என்னமோங்ணா" என்றேன் நான். அவர் சொன்னதுதான் சரி.

ஆகவே பிசியைத் தேடுவதற்கு முன்னால் ஒரு முடிவு எடுத்தேன்: ஸ்டெப் துடிப்பு உண்டாக்கும் வேலையைப் பிசியிடமிருந்தே பிடுங்கிவிடுவது. மெசா 7ஐ96எஸ் கார்டு. பிசிக்கு வெளியே ஈதர்நெட் கேபிளில் தொங்கும், ஐந்து மோட்டார் வரை ஓட்டும், ஓட்டத்தின் எல்லையைக் காட்டும் லிமிட் சுவிட்சுகளுக்கு, மின்சாரத் தொடர்பில்லாமல் தனிமைப்படுத்திய 11 இன்புட்டுகள் இருக்கின்றன. உள்ளே இருக்கும் எஃப்பிஜிஏ சிப் (வேண்டிய சர்க்யூட்டாக அமைத்துக்கொள்ளக்கூடியது) துடிப்பை நூல் பிடித்த மாதிரி கொடுக்கும். பிசி மில்லிசெகண்டுக்கு ஒருமுறை "இந்த வேகத்தில் போ" என்று சொன்னால் போதும். இறக்குமதிச் சரக்கு, சுங்கம் எல்லாம் சேர்த்து மொத்தத்தில் இதுதான் பெரிய செலவு, பிசியைவிட அதிகம். ஆனால் காசு போக வேண்டிய இடம் இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன். இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் வாட்ச்டாக். பிசியிடமிருந்து 5 மில்லிசெகண்ட் வரை ஒரு பேச்சும் வராவிட்டால் கார்டு தானாகவே எல்லா அவுட்புட்டையும் நிறுத்திவிடும். கை வைத்து வேலை செய்யும் மெஷினில் இது சாதாரண வசதி கிடையாது.

ஆர்டுயினோ என்ற சின்ன போர்டில் ஜிஆர்பிஎல் என்ற இலவச மென்பொருளைப் போட்டு மெஷினை ஓட்டக்கூடாதா என்று இரண்டு பேர் கேட்டார்கள். தாராளமாகப் போடலாம், சின்ன மெஷினுக்கு அது அருமையாக வேலை செய்யும். நான் அடுத்து நாலாவது அச்சும் ரிஜிட் டேப்பிங்கும் (ஓட்டைக்குள் மரை வெட்டுவது) போடப்போகிறேன், ஸ்பிண்டிலும் மேலும் கீழும் போகும் இசட் அச்சும் கைகோத்து ஓட வேண்டும், அதனால் எனக்கு இந்த வழி.

கார்டு முடிவானதும் பிசிக்கான தேவை சுருங்கிவிட்டது. நாலு கோர் போதும், ஒரு கோரை இரண்டாகக் காட்டும் ஹைப்பர்திரெடிங் இல்லாதது நல்லது. தனி கிராஃபிக்ஸ் கார்டு வேண்டவே வேண்டாம், பிராசசரோடு வருவதே நிறைய. 8 ஜிபி ரேம், 120 ஜிபி எஸ்எஸ்டி. கட்டாயம் என்று நான் வைத்தது ஒன்றுதான், போர்டிலேயே இன்டெல் நெட்வொர்க் சிப் இருக்க வேண்டும். மில்லிசெகண்டுக்கு ஒருமுறை பாக்கெட் போய்த் திரும்பி வர வேண்டும், அந்தச் சிப்பின் டிரைவர் மென்பொருளில் நேரத்தைக் கெட்டியாகப் பிடிக்கும் வழிகள் எல்லாருக்கும் தெரிந்தவை, பலரும் ஓட்டிப் பார்த்தவை.

இந்தக் கணக்குக்குச் சரியாகப் பொருந்துவது அலுவலகங்களிலிருந்து மொத்தமாகக் கழித்துவிடும் பழைய பிசிகள். டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020 என்று முடிவு செய்தேன், ஐ5 4590, நாலு கோர், நாலு திரெட். காந்திபுரம் பக்கம் ஒரு செகண்ட் ஹாண்ட் கடையில் "அதே மாடல்தான் சார், எல்லாம் ஒண்ணுதான்" என்று ஒன்றை எடுத்து வைத்தார்கள். பெட்டியும் நிறமும் அச்சு அசல் அப்படியே. பென் டிரைவைப் போட்டு, உள்ளே என்னென்ன சிப் என்று பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளை அடித்தேன், நெட்வொர்க் சிப் வேறு. முன்பக்க ஸ்டிக்கரைப் பார்த்தால் மாடல் எண்ணும் வேறு, அது அந்த வரிசையிலேயே ஒரு படி கீழே உள்ளது. இரண்டாவது கடையில் கேட்டது கிடைத்தது, இன்டெல் ஐ217 எல்எம். அங்கேயே ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார்கள், இருபது நிமிஷம் டெஸ்ட் ஓட்டினேன், அதிகபட்சம் 85. பயாஸை இன்னும் தொடவே இல்லை, அந்த நிலையிலேயே 85 என்றால் கீழே கொண்டு வந்துவிடலாம் என்று தைரியம் வந்தது. 7,500 ரூபாய். வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து பென் டிரைவ் இல்லாமல் கடைக்குப் போகாதீர்கள்.

ஒன்று மட்டும் தெரிந்துகொண்டு வாங்குங்கள், இந்த மாடலில் மதர்போர்டுக்குப் போகும் பவர் இணைப்பு வழக்கமான 24 பின் கிடையாது, 8 பின். எஸ்எம்பிஎஸ் போனால் கடையில் கிடைக்கும் எதையாவது எடுத்து மாட்ட முடியாது. நான் அடுத்த வாரமே போய் இதே மாடலில் இன்னொன்றை உதிரிக்கு வாங்கி வைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பயாஸில் சி ஸ்டேட், ஸ்பீட்ஸ்டெப், டர்போ மூன்றையும் அணைத்தேன். பிராசசர் தூங்கி எழுவதும், வேகத்தை ஏற்றி இறக்குவதும்தான் இவை, அதற்கு ஆகும் நேரம்தான் நமக்குத் தாமதமாக வந்து விழுகிறது. 85 என்பது 24 ஆனது. அப்புறம் டெபியன் 12 என்ற லினக்ஸைப் போட்டு, குறித்த நேரத்துக்கு வேலையை முடிக்கும் ரியல்டைம் கெர்னலில் (கெர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி) ஐசோல்சிபியூஸ் என்ற ஒரு வரியைச் சேர்த்துக் கடைசி இரண்டு கோர்களை மெஷினுக்கென்று ஒதுக்கினேன், 13க்கு வந்தது. (முன்பெல்லாம் இந்த ரியல்டைம் வசதி லினக்ஸுக்கு வெளியே தனி ஒட்டாக இருந்தது. 2024இல் 6.12 கெர்னலோடு நேராக உள்ளேயே சேர்த்துவிட்டார்கள், இருபது வருஷ உழைப்பு.) ராத்திரி முழுக்க வீடியோ ஓடவிட்டு, கூடவே பெரிய ஃபைல்களைக் காப்பி செய்யவிட்டு டெஸ்ட் ஓட்டினேன். காலையில் பார்த்தால் 19, அதைத் தாண்டவில்லை.

கார்டை மாட்டியதும் ஒரு தடங்கல். பத்து நிமிஷம் ஓடும், அப்புறம் படிக்க முடியவில்லை என்று பிழை காட்டி நின்றுவிடும். இரண்டு சாயங்காலம் கேபிளையே சந்தேகப்பட்டேன். விஷயம் வேறு. வரும் பாக்கெட்டுகளைக் கொஞ்சம் சேர்த்து வைத்து மொத்தமாகப் பிராசசருக்குச் சொல்வது நெட்வொர்க் சிப்பின் வழக்கம், இணையத்துக்கு அது நல்லது, இங்கே ஆகாது. நெட்வொர்க் சிப்பின் அமைப்புகளை மாற்றும் ஈதிடூல் கட்டளையில் அந்தச் சேர்த்து வைக்கும் நேரத்தைப் பூஜ்யமாக்கினேன், பிழை போயே போய்விட்டது. கார்டுக்கும் பிசிக்கும் நடுவில் ஸ்விட்ச், ரவுட்டர் எதுவும் வைக்கக்கூடாது, நேராக ஒரே கேபிள். கார்டுக்கு 10.10.10.10, பிசிக்கு 10.10.10.100. இணையத்துக்குத் தனியாக யூஎஸ்பி வைஃபை, அதையும் மெஷின் ஓடும்போது கழற்றி வைக்கிறேன்.

பெட்டி பற்றியும் சொல்ல வேண்டும். அலுமினியப் பிசிறு மின்சாரம் கடத்தும், மதர்போர்டில் ஒரு துணுக்கு விழுந்தால் போதும். பிசியையும் கார்டையும் தகரப் பெட்டிக்குள் வைத்து, ஃபேன் காற்றை வடிகட்டித் துணி வழியாக உள்ளே தள்ளுகிற மாதிரி மாட்டினேன். உள்ளே அழுத்தம் கூடுதலாக இருப்பதால் இடுக்குகளில் காற்று வெளியேதான் போகும், தூசி உள்ளே நுழையாது. ஸ்பிண்டிலின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வி.எஃப்.டி. மின் இரைச்சல் கிளப்பும், அதை எதிர்ச்சுவரில் வைத்தேன், அதன் கேபிள் ஷீல்டு போட்டது, ஷீல்டை எர்த்தில் சேர்த்திருக்கிறேன். கரண்ட் போனால் பிசியும் கார்டும் மட்டும் 600 வி.ஏ. யுபிஎஸ்ஸில் நிற்கும், மோட்டார்களுக்கு அது கிடையாது. எமர்ஜென்சி ஸ்டாப் பட்டன் பிசியைக் கேட்காமல் நேராகக் கான்டாக்டர் என்ற பெரிய மின் சுவிட்சை வைத்து மோட்டார் சப்ளையை வெட்டும், பிசிக்கு ஒரு செய்தி மட்டும் போகும். இந்த ஒரு விஷயத்தில் மென்பொருளை நம்ப வேண்டாம் என்று எல்லாரையும் கேட்டுக்கொள்கிறேன்.

நேற்று ஞாயிறு. லேத்துக்கார அண்ணன் நுண்ணிய நகர்வை அளக்கும் தன் லீவர் டயலைக் கொண்டுவந்து மேக்னட் ஸ்டாண்டில் மாட்டி, முனையை டேபிளில் இருக்கும் வைஸின் (பொருளைப் பிடிக்கும் கிடுக்கி) ஓரத்தில் தொடவைத்துப் பூஜ்யம் வைத்தார். "எரநூறு தடவ போயிட்டு வரட்டும், அப்பறம் பேசலாம்." 300 மில்லிமீட்டர் தூரம், நிமிஷத்துக்கு 3000. கிட்டத்தட்ட முக்கால் மணி நேரம் ஓடியது. பாதியில் எழுந்துபோய் மறுபடி மோட்டார் மேல் கையை வைத்துப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் டேபிள் திரும்பி வந்து நின்றபோது முள் பூஜ்யத்திலிருந்து ஒரு கோடு தள்ளி இருந்தது, 0.01 மில்லிமீட்டர். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை குனிந்து பார்த்தார். "காலைல எடுத்தாந்து தர்றேன், ஒரு ஃபிளேஞ்சு இருக்குது, எட்டு ஓட்டை போடோணும்" என்றார்.

இன்றைக்குச் சாயங்காலம் அதைப் போட்டுக் கொடுத்துவிட்டேன். மெஷினுக்குத் தொடக்க இடத்தைக் காட்டும் ஹோமிங் சுவிட்சு இரண்டு மாட்டுவது பாக்கி, நாலாவது அச்சுக்கான ரோட்டரி டேபிள் அடுத்த மாதம் வருகிறது.